எண்ண வேண்டியது எதை?

2020 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் இன்டீரியர் துறைச் செயலர் டேவிட் பெர்ன்ஹார்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். திறந்திருக்கும் தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் வாங்கப்படாது. கொரோனாவால் வீட்டுக்குள் முடங்கியவர்கள் வெட்டவெளியில் இடைவெளி விட்டு உலவட்டும் என்றார். நோக்கத்தில் குறை காண முடியாது. அதே வாரத்தில் யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரிலிருந்து வேறொரு குரல் எழுந்தது. ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்ற இரண்டு பூங்காக்களுக்கும் போகிறவர்கள் தங்கும் ஊர் அது. வசந்த காலம் வந்துவிட்டால் விடுதிகள் நிரம்பிவிடும். அங்குள்ள மருத்துவமனையில் இருந்தவை 17 படுக்கைகள். தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. கூட்டத்தை நிறுத்துங்கள் என்று அந்த மருத்துவமனை மாநில ஆளுநருக்குக் கடிதம் எழுதியது. வெளியூர்க்காரர்களுக்கு அறை தரக்கூடாது என்று தென்கிழக்கு யூட்டா சுகாதாரத் துறை விடுதிகளுக்கு உத்தரவு போட்டது. மாதம் முடிவதற்குள் இரண்டு பூங்காக்களும் மூடப்பட்டன. கொலராடோவில் எஸ்டெஸ் பார்க் நகர மேயர் கேட்டுக்கொண்டதால் ராக்கி மவுண்டன் பூங்கா மார்ச் 20 அன்றே மூடப்பட்டிருந்தது. கிராண்ட் கேன்யன் ஏப்ரல் 1 வரை திறந்தே கிடந்தது.

இரண்டு மாதம் கழித்து நிலைமை தலைகீழானது. மூடச் சொன்ன வட்டாரங்களிலேயே, கட்டுப்பாட்டோடு திறந்தால் சரி என்ற பேச்சு எழுந்தது. ராக்கி மவுண்டன் மே கடைசியில் திறந்தது. ஜூன் 4 முதல் குறித்த நேரத்துக்கு முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. கலிபோர்னியாவின் யோசெமிட்டி ஜூன் 11 அன்று, வழக்கமான கூட்டத்தில் சுமார் பாதியை மட்டும் உள்ளே விடும் திட்டத்தோடு திறந்தது. கொள்ளைநோய் ஓயாத நேரத்தில், தன் மக்களைக் காக்க வேண்டிய உள்ளாட்சி, வெளியாட்களை அளவோடு வரவிட ஆதரவு தருவது அறமா?

அறம்தான் என்று சொல்ல வலுவான காரணங்கள் உண்டு. யோசெமிட்டி பள்ளத்தாக்கு அமைந்துள்ள மரிப்போசா கவுண்ட்டியின் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) மக்கள்தொகை சுமார் 17,000. கவுண்ட்டி முழுவதிலும் ஒரு போக்குவரத்து சிக்னல்கூட இல்லை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய இடம். விடுதி அறைகள்மீது விதிக்கும் வரி அதன் முக்கிய வருவாய்களில் ஒன்று. பூங்கா மூடினால் அந்த வருவாய் வற்றும். நோயோடு போராட வேண்டிய சுகாதாரத் துறைக்கும் அந்தக் கஜானாவிலிருந்துதான் சம்பளம் போக வேண்டும். ஆகவே திறக்கச் சொன்னவர்களை எல்லாம் பணத்தாசை பிடித்தவர்கள் என்று ஏசுவது நியாயமில்லை. மறுபக்கம், சின்ன அடுக்குமாடி வீட்டில் குழந்தைகளோடு மாதக்கணக்கில் அடைபட்டவர்களுக்கு மரநிழலும் ஆற்றோரமும் ஆடம்பரம் அல்ல. பூங்காக் கதவைச் சாத்தினால் மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்பதும் உண்மையில்லை. கழிப்பறையோ காவலரோ இல்லாத காட்டுப் பகுதிகளுக்குப் போவார்கள், போகவும் செய்தார்கள். முழுக்க மூடுவதற்கும் முழுக்கத் திறப்பதற்கும் நடுவே அளவு வைத்துத் திறப்பது அறிவுள்ள வழி.

சிக்கல் அந்த அளவு எதிலிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. ராக்கி மவுண்டனில் வாகன நிறுத்துமிடங்களின் கொள்ளளவில் 60 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். பூங்கா அதிகாரிகளுக்குக் கைவந்த கணக்கு அது. நெரிசலைக் குறைக்க உதவும், சந்தேகமில்லை. ஆனால் நோய் வாகன நிறுத்துமிடத்திலா பரவுகிறது? பந்தியில் எத்தனை இலை போடலாம் என்பதை வாசலில் செருப்பு விட இடம் இருக்கிறதா என்று பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. உலையில் போட அரிசி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம். மலையடிவார ஊர்களில் உலையரிசி என்பது ஆஸ்பத்திரிப் படுக்கை, ஆக்சிஜன், அடுத்த பெரிய மருத்துவமனைக்கு நோயாளியை ஏற்றிப் போகும் ஆம்புலன்ஸ்.

மலைப்பாதையில் எதிரே வருகிறவர் தாண்டிப் போக ஒரு நொடிதான். ஆபத்து அங்கே குறைவு. பகல் பதினொரு மணிக்கு விடுதி அறையைச் சுத்தம் செய்ய நுழையும் பெண்ணின் நிலை வேறு. சற்று முன்பு காலி செய்துவிட்டுப் போனவர்கள் ராத்திரி முழுக்க மூச்சுவிட்ட காற்று அந்த அறையில் அப்படியே நிற்கிறது. சன்னல் திறக்கும் வகையாக இருந்தால் முதலில் அதைத் திறப்பார். பிறகு படுக்கை விரிப்பை உருவி, தலையணை உறையைக் கழற்றி, ஈரத் துண்டுகளை வாரிக்கொண்டு, அடுத்த விருந்தினர் வருவதற்குள் இன்னோர் அறைக்கு ஓட வேண்டும். அங்கே தங்கியிருந்தவருக்கு நோய் இருந்ததா என்று அவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. பூங்கா வாயிலில் முன்பதிவுச் சீட்டைச் சரிபார்த்து அனுப்பிய எந்தக் கணக்கிலும் இந்தப் பெண் இல்லை.

‘எங்கள் பகுதியில் நோயாளிகளே இல்லையே’ என்ற வாதம் அந்தக் கோடையில் பல சிற்றூர்களில் கேட்டது. ஜூலையில் யோசெமிட்டியின் கழிவுநீர் மாதிரிகளில் கொரோனா வைரஸ் இருப்பது தெரியவந்தது. அதுவரை பூங்காவில் வசிப்பவர் எவருக்கும் சோதனையில் தொற்று உறுதியாகியிருக்கவில்லை. வந்தவர்களில் சிலர் நோயோடு வந்திருக்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு அவர்களுக்குச் சோதனை நடந்தால் அது அவர்களுடைய ஊர்க்கணக்கில் ஏறும். விட்டுச்சென்ற தடயம் சாக்கடையில் மட்டும் இருந்தது. பூஜ்யம் என்று எழுதிய பலகையை நம்பி ‘வாருங்கள்’ என்று சொல்வது எவ்வளவு ஆதாரமற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே சமயம், கழிவுநீரைச் சோதித்துப் பார்க்கவும், கண்டதை மறைக்காமல் மக்களுக்குச் சொல்லவும் முன்வந்தார்களே, அது பொறுப்புள்ள செயல்.

அடுத்து, சீட்டு யார் கைக்குப் போனது? இணையத்தில் முன்பதிவு, அதற்குக் கட்டணம் 2 டாலர். தொகை சிறிது. ஆனால் பல வாரம் முன்னதாகவே நாளைக் குறிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் முன்பு வெளியிட ஒரு சிறு பங்கை மட்டும் ஒதுக்கினார்கள். யோசெமிட்டியிலிருந்து தென்மேற்கே இறங்கினால் மெர்செட், ஃப்ரெஸ்னோ கவுண்ட்டிகள். அமெரிக்காவின் பழங்களும் காய்கறிகளும் பெருமளவு விளையும் சமவெளி. ஊரடங்கிலும் ‘அத்தியாவசியப் பணி’ என்ற பெயரில் அங்கே வயல் வேலை நிற்கவில்லை. அடுத்த வாரம் எந்த நாள் ஓய்வு என்றே தெரியாத தொழிலாளி, அடுத்த மாதத்துச் சீட்டை எப்படி எடுப்பார்? பூங்காவுக்குள் விடுதி அறை எடுத்தவர்களுக்கோ பகல்நேரச் சீட்டே தேவைப்படவில்லை. யாருக்கும் தீங்கு நினைத்து இந்த விதியை எழுதவில்லை. என்றாலும் இடம் பாதியானபோது, அந்தப் பாதி நேரமும் வசதியும் உள்ளவர்கள் பக்கம் சாய்ந்தது. வாயிலில் வரிசை கட்டினால் கூட்டம் சேரும், ஆகவே இணையம்தான் வழி என்று சொல்வார்கள். சரி, ஊர் நூலகத்தில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். இதைப் பூங்கா நிர்வாகத்திடம் உள்ளாட்சி கேட்டு வாங்கலாம். மெர்செட்டிலிருந்து யோசெமிட்டிக்கு ஓடும் யார்ட்ஸ் பேருந்து சுற்றுவட்டாரக் கவுண்ட்டிகள் சேர்ந்து நடத்துவது. கார் இல்லாதவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் கொள்ளைநோய்க் காலத்தில் பேருந்து என்பது மூடிய அறை. நியாயமும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் இடம் இது. பாதி இருக்கைகளை மட்டும் நிரப்பி, சன்னலைத் திறந்து வைத்து, நஷ்டத்தைக் கவுண்ட்டி ஏற்றுக்கொள்வதே ஓரளவு நேர்மையான விடை.

‘உள்ளூர் ஆதரிக்கிறது’ என்ற சொல்லையும் சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும். கவுண்ட்டி வாரியக் கூட்டத்துக்கு விடுதி முதலாளி வருவார், உணவகக்காரர் வருவார். கோடைக்கு மட்டும் வேலைக்கு வந்து, ஓர் அறையில் சிலரோடு தங்கிப் பாத்திரம் கழுவும் இளைஞருக்குப் பெரும்பாலும் அங்கே வாக்கும் கிடையாது. ஆபத்தில் பெரும்பங்கு அவருக்கு, வருவாயில் சிறுபங்கு. அவர் சார்பாகச் சம்மதம் சொல்லும் உள்ளாட்சி, சம்மதத்தோடு சில கடமைகளையும் ஏற்கிறது. நோய் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு, தனித்திருக்க இடம், படுக்கைகள் எந்த அளவுக்கு நிறைந்தால் சீட்டுகள் எந்த அளவுக்குக் குறையும் என்று முன்கூட்டியே ஊரறியச் சொல்லும் விதி. கூட்டம் வந்து, வருவாயின் சுவை கண்டபின் இந்த விதியை எழுத உட்கார்ந்தால் எழுத மனம் வராது.

வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மொன்டானாவின் கிளேசியர் பூங்கா ஜூனில் மேற்குப் பக்கம் திறந்தபோது, கிழக்கு வாயில்களுக்கான சாலைகள் ஓடும் தங்கள் நிலத்தை பிளாக்ஃபீட் பழங்குடியினர் 2020 கோடை முழுவதும் சுற்றுலாவுக்குத் திறக்கவில்லை. வீட்டிலுள்ள முதியோரைக் காப்பதே முதல் காரணம். இழப்பு பெரிது, அங்கும் கோடைதான் சம்பாத்தியக் காலம். தேசத்தின் சொத்துக்குப் போகும் வழியை மறிக்க இவர்கள் யார் என்று கேட்டவர்கள், அந்தக் கிழக்குப் பகுதி 1895 ஒப்பந்தத்தின் வழியே பிளாக்ஃபீட்டிடமிருந்து அரசின் கைக்குப் போனது என்பதை மறந்துவிட்டார்கள். பூங்கா 1910இல்தான் வந்தது. மலையைப் பார்க்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கலாம். அதற்காக இன்னொருவர் வீட்டுப் பாட்டியின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. இந்த மறுப்பு மரிப்போசாவின் சம்மதத்தைத் தவறாக்கிவிடாது. ஆனால் ஆபத்தைச் சுமக்கப்போகிறவர்களே முடிவெடுத்தார்கள் என்ற வகையில் பிளாக்ஃபீட்டின் முடிவு அதிக நேர்மையானது.

அவர்கள் கதவை என்றென்றைக்குமாகச் சாத்தவும் இல்லை. 2020 டிசம்பரில் தடுப்பூசி வரத் தொடங்கியது. மக்கள் திரளாகப் போட்டுக்கொண்டார்கள். தங்கள் மக்களில் எத்தனை பேருக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது என்பதைப் பார்த்து, 2021 மார்ச்சில் கிழக்கு வாயில்களைத் திறக்க பழங்குடி மன்றம் தீர்மானித்தது.