வாக்கைக் கேட்கும் உரிமை யாருக்கு?

2015 டிசம்பரின் முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் மூன்று காரியங்கள் நடந்தன. 1, 2 தேதிகளில் பெய்த மழையில் சென்னை மூழ்கியது. 7ஆம் தேதி ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், நிலக்கரி மின் நிலையங்களின் புகைபோக்கி வழியே வெளியேறும் கந்தக டை ஆக்சைடு முதலிய நச்சுகளுக்குப் புதிய வரம்பு விதித்து, இரண்டு ஆண்டுக்குள் அதை எட்டியாக வேண்டும் என்று அறிவித்தது. 12ஆம் தேதி பாரிஸில் உலக நாடுகள் காலநிலை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. இவற்றில் நடுவில் வந்த அறிவிப்புக்கு நேர்ந்தது கவனிக்கத்தக்கது. கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போடப்பட்டது. 2025 ஜூலையில், பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியைப் பொருத்துவதிலிருந்தே விலக்கு கிடைத்தது. பெருநகரங்களை ஒட்டிய நிலையங்களுக்கு 2027 கடைசி வரை தவணை. கந்தகம் வேறு, கரியமில வாயு வேறு என்பது சரிதான். ஆனால் அரசு தன் சொந்தக் கெடுவை எப்படி நடத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இரண்டாண்டு வாக்குக்கே இந்தக் கதி என்றால், 2070க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று கொடுத்த வாக்கை எதை நம்பி ஏற்பது?

பாரிஸ் உடன்படிக்கையின் விதி எளிமையானது. ஒவ்வொரு நாடும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உறுதிமொழி தர வேண்டும். புதியது பழையதைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும். இந்தியா அந்தப் படியை ஏறியிருக்கிறது. 2005ஐ ஒப்பிட, உற்பத்தி மதிப்பின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியேறும் கரியமில வாயுவை 2030க்குள் 33 முதல் 35 விழுக்காடு குறைப்போம் என்று 2015இல் சொன்னது, 2022 ஆகஸ்டில் 45 விழுக்காடாயிற்று. மின் நிறுவு திறனில் புதைபடிவம் சாராத பங்கு 40இலிருந்து 50 ஆயிற்று. அதே ஆண்டு நவம்பரில் நீண்டகாலத் திட்டமும் ஐ.நா.விடம் கொடுக்கப்பட்டது. நிறுவு திறன் இலக்கு ஐந்தாண்டு முன்பாகவே, 2025இல் எட்டப்பட்டும் விட்டது. இது மெய்யான சாதனை. ஆனாலும், நிறுவப்பட்ட திறனில் பாதி தூய்மையானது என்பதும், எரிகிற விளக்கில் பாதி தூய்மையானது என்பதும் ஒன்றல்ல. உற்பத்தியாகும் யூனிட்டுகளில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ரூபாய்க்கு இவ்வளவு என்று கணக்கிடும்போது, ரூபாய் வேகமாக வளர்ந்தால் மொத்தப் புகையும் வளர இடமுண்டு. எண்ணை உயர்த்துவதை மட்டுமே வலுப்படுத்துதல் என்று எடுத்துக்கொண்டால் நாம் தேறிவிட்டோம். அந்த எண்ணைக் காட்டி, ‘எனக்குக் கொடுத்த வாக்கு எங்கே’ என்று கேட்க ஒருவருக்காவது உரிமை இருக்கிறதா என்று பார்த்தால், இன்னும் தொடங்கவே இல்லை.

வடசென்னையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். 2023 ஜூனில் பெருநகர சென்னை மாநகராட்சி தன் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. நாடு 2070 என்றால் நகரம் 2050 என்றது. ஒன்பது மாதம் கழித்து, 2024 மார்ச் 7 அன்று, மாநகராட்சி எல்லையைத் தாண்டி அத்திப்பட்டில் 800 மெகாவாட் நிலக்கரி அலகு திறந்து வைக்கப்பட்டது. பக்கத்திலிருந்த பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. 47 ஆண்டு ஓடியது. புதிய அலகும் அவ்வளவு காலம் ஓடினால் அது நிற்கிற ஆண்டு 2071. நகரத்தின் கெடுவும் நாட்டின் கெடுவும் அதற்குள் தாண்டிப் போயிருக்கும். இந்த அலகு எந்த ஆண்டில் நிறுத்தப்படும் என்பதை உறுதிமொழிதான் சொல்லியிருக்க வேண்டும், அது சொல்லவில்லை. நம் நிலக்கரியை நூறு டன் எரித்தால் முப்பது, நாற்பது டன் சாம்பல் மிஞ்சும். அதை நீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிகிற இடங்களில் குழம்பு கொசஸ்தலை ஆற்றில் இறங்கிப் படிந்து, சிமென்ட் போல இறுகிவிடுகிறது. ஆழம் குறைகிறது, படகு தரை தட்டுகிறது. எண்ணூர் காட்டுக்குப்பத்து மீனவர்களும் முறைவைத்துப் பாடு இறங்குகிற மற்றக் குப்பத்தவர்களும், இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்களும் நம்பியிருப்பது அடிச் சேற்றை. சேற்றின் மேல் சாம்பல் மூடினால் இறாலுக்கு இடமில்லை. தேசிய சராசரி எல்லோருக்கும் பொதுவான காற்றை எண்ணுகிறது. ஓர் ஊரின் ஆற்றில் மட்டும் விழுகிற சாம்பல் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இப்படிக் கெடு கேட்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது நீதி பற்றியது. வரலாறு நெடுக உலகம் வெளியிட்ட வாயுவில் இந்தியாவின் பங்கு மிகச் சிறியது. நபர்வாரியாகப் பார்த்தால் இன்றும் உலக சராசரியில் பாதிக்கும் கீழே. தின்று தீர்த்தவர்கள் இருக்க, இப்போதுதான் பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்த்து அளவாகச் சாப்பிடு என்பது அறமா? 2024 நவம்பரில் பாக்கு நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்க, பணக்கார நாடுகள் முன்னின்று திரட்டுவதாக ஒப்புக்கொண்டது 30,000 கோடி டாலர், அதுவும் 2035க்குள். இந்தியா அங்கே சீறியது நியாயமே. இந்த வாதத்தில் ஒரு சொல்லையும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்தில் நின்று பேசிப் பார்க்க வேண்டும். பயனை ஒருவர் அனுபவிக்க, சுமையை இன்னொருவர் சுமக்கக் கூடாது என்பதுதான் டெல்லி உலகத்திடம் சொல்வது. சாம்பல் குளத்தின் ஓரத்தில் வாழ்கிறவர் அதையே சென்னையிடமும் டெல்லியிடமும் சொல்ல முடியும். மின்சாரம் எங்கெங்கோ போகிறது, சாம்பல் இங்கே இருக்கிறது. நாடுகளுக்கிடையே கேட்கிற நீதியை நாட்டுக்குள் மறுத்தால், வெளியே அதைக் கேட்கும் தகுதி நமக்குக் குறைந்துபோகும்.

ஏழைக்கு மின்சாரம் வேண்டாமா, வேலை வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. வேண்டும். நாளைக்கே எல்லாவற்றையும் மூடு என்பதல்ல இங்கே கேட்பது. ஒவ்வொரு அலகுக்கும் ஒரு நிறுத்த ஆண்டு, அங்கே வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாற்று ஏற்பாடு, ஆற்றிலிருந்து சாம்பலை அள்ளுவதற்கான பணம், இவற்றை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் கேட்கப்படுவது. தேதி சொல்லாமல் ஒருநாள் மூடப்படும் ஆலைதான் தொழிலாளியைத் தெருவில் நிறுத்தும்.

மூன்றாவது வாதம் நுட்பமானது. உறுதிமொழியைச் சட்டத்தால் கட்டினால் நாடுகள் பயந்து சின்ன வாக்காகக் கொடுக்கும். தாமாகக் கொடுக்க விட்டால்தான் பெரிதாகக் கொடுக்கும் என்பது அது. கியோட்டோ உடன்படிக்கையின் அனுபவம் இதற்குத் துணை நிற்கிறது: அமெரிக்கா அதை உறுதிசெய்யவே இல்லை, கனடா விலகுவதாக 2011இல் அறிவித்தது. பாரிஸ் அதனால்தான் இளகலாக எழுதப்பட்டது. ஆனால் வெளியே இளகலாக இருப்பதால் உள்ளேயும் இளகலாக இருக்க வேண்டும் என்று ஆகாது. பிரிட்டன் 2008இல் தன் நாடாளுமன்றச் சட்டத்தாலேயே தன்னைக் கட்டிக்கொண்டது. ஐந்தாண்டுக்கு ஒரு கரிம வரம்பு, அதைக் கண்காணிக்கத் தனிக் குழு. அதன் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. ஜெர்மனியின் அரசியல்சட்ட நீதிமன்றம் 2021இல், சுமையின் பெரும்பகுதியை 2030க்குப் பின்னால் தள்ளுவது இளைய தலைமுறையின் உரிமையைப் பறிப்பது என்று தீர்ப்பளித்தது. காலநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியல்சட்டத்தின் 14, 21 பிரிவுகளில் அடங்கும் என்று நம் உச்ச நீதிமன்றமும் 2024 மார்ச்சில் சொல்லிவிட்டது. உரிமை பிறந்துவிட்டது, அதை எந்தக் கதவில் போய்க் கேட்பது என்று சொல்லும் சட்டம் இன்னும் பிறக்கவில்லை.

மீண்டும் வடசென்னைப் பக்கம் வருவோம். அங்குள்ள புழல் ஏரி 2019 கோடையில் வறண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே ஏரியின் உபரிநீர் திறந்துவிடப்பட்டது. அந்த நீர் கிராண்ட்லைன், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் கழிமுகத்தை நோக்கித்தான் ஓடியாக வேண்டும். சாம்பலாலும் கட்டுமானத்தாலும் சுருங்கிய கழிமுகம் அந்த அளவுக்கு மெதுவாகத்தான் வெள்ளத்தைக் கடலுக்கு விடும். அந்த டிசம்பரில் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவும் வெள்ளத்தோடு வந்து கழிமுகத்தில் படர்ந்தது. குடிக்க நீர் தரும் ஏரியும், வெள்ளம் வடியும் ஆறும், புவியைச் சூடாக்கும் புகைபோக்கியும் அருகருகே கிடக்கிற இந்த நிலத்தில், வாயுக் குறைப்புத் திட்டம் என்றும் வெள்ளத் தடுப்புத் திட்டம் என்றும் தனித்தனிக் கோப்பு போடுவதில் பொருளில்லை. சென்னையின் செயல்திட்டம் அடுத்த முறை திருத்தப்படும்போது, அத்திப்பட்டு அலகு எந்த ஆண்டு நிற்கும், கொசஸ்தலையின் சாம்பலை யார் செலவில் எப்போது அள்ளுவார்கள் என்ற இரண்டையும் அதில் எழுத வேண்டும். எழுதியது நடக்காவிட்டால் காட்டுக்குப்பத்தவர் நீதிமன்றம் போகலாம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.