மழையில் நின்றவர்கள்

கூடுவாஞ்சேரியில் மழை வலுத்துவிட்டால் எந்தப் பேச்சும் நந்திவரம் ஏரியில்தான் போய் முடியும். போன ஐப்பசியில் அப்படி ஓர் இரவு. கரண்ட் போவதற்குள் பார்த்துவிடலாம் என்று கைப்பேசியில் ‘தியாகபூமி’யைப் போட்டேன்.

கல்கி கதை எழுத, கே. சுப்ரமணியம் இயக்கி, 1939 மே மாதம் வெளிவந்த படம். விடுதலைப் போரின் படம் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். கதையின் நடுவில் நின்றவரோ பூஜையும் பஜனையுமாக வாழும் சம்பு சாஸ்திரி. அந்த வேடத்தில், வாழ்நாளெல்லாம் பக்திப் பாடல் புனைந்த பாபநாசம் சிவன்.

பக்தியின் வழியே விடுதலையைச் சொல்வது புதிய வழி அல்ல. 1921-இல் ‘பக்த விதுரர்’ என்று ஓர் ஊமைப்படம். மகாபாரத விதுரர் கதரும் தொப்பியுமாகத் திரையில் வந்தார். பார்த்தவர்களுக்குக் காந்தி தெரிந்தார். சென்னை மாகாண அரசுக்கும் தெரிந்தது, தடை போட்டது. நாடு என்ற சொல் இன்னும் மனத்தில் ஊறாத காலம். மக்களுக்குக் கும்பிடத் தெரியும். அந்தக் கும்பிடு வழியாகவே நாடு உள்ளே வந்தது.

‘தியாகபூமி’க்கும் அதே கதி. 1939 கடைசியில் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. மறு வருடம் படம் தடைசெய்யப்பட்டது. வெள்ளைக்காரன் பயந்தது ராட்டைக்கும் கதருக்கும். ஆனால் கதைக்குள் இன்னொரு பயம் இருக்கிறது. புயல் மழையில் ஒதுங்க இடமில்லாமல் நின்ற சேரி மக்களுக்குச் சாஸ்திரி இடம் கொடுக்கிறார். அக்கிரகாரம் அவரைத் தள்ளிவைக்கிறது. அங்கே பயம் தொப்பியைப் பார்த்து அல்ல, திறந்த கதவைப் பார்த்து.

படம் வந்த இரண்டு மாதத்துக்குள், ஜூலை 8 அன்று, காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர் தீண்டாமைக்கு ஆளானோரை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். எதிர்ப்பு லண்டனிலிருந்து வரவில்லை, உள்ளூரிலிருந்துதான் வந்தது. முதல் பயத்துக்கு 1947-இல் ஒரு தேதி குறித்து விடைகொடுத்தோம். இரண்டாவதற்கு நாள்காட்டியில் சிவப்பு எழுத்தே இல்லை.

2015 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வந்தது. சென்னைப் புறநகரெங்கும் பள்ளிக்கூடங்கள், கல்யாண மண்டபங்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், கோயில்கள் எல்லாம் கதவைத் திறந்து வைத்தன. சாம்பார் சாதத்துக்குத் தட்டை நீட்டியவரிடம் யாரும் ‘நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க?’ என்று கேட்கவில்லை. தண்ணீர் வடிந்தது, கேள்விகள் திரும்பி வந்தன. வீட்டு வாசல்களில் ‘சைவம் மட்டும்’ பலகைகள் பழைய ஆணியிலேயே தொங்கின.

அவற்றில் ஒன்று எங்கள் வீட்டுப் பலகை. மாடிப் போர்ஷனுக்காக நானே பெயின்ட் எடுத்து எழுதியது. ‘நம்ம பழக்கவழக்கம்’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தேன். அக்கிரகாரமும் அப்படித்தானே சொல்லியிருக்கும்!

நாடு பிறந்த கதையைப் படமாக எடுப்பவர்கள் கொடி ஏறுவதோடு முடித்துவிடுகிறார்கள். ஆட்சியை வெளியே அனுப்பியது பாதிப் பிறப்பு. வெளியே நிற்பவரை உள்ளே அழைப்பது மீதிப் பாதி. அதைத் தலைவர்கள் செய்து முடித்துத் தர முடியாது. ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டுக்காரரேதான் செய்தாக வேண்டும்.

காலையில் மழை விட்டிருந்தது. பலகையைக் கழற்றினேன். ‘வீடு வாடகைக்கு’ என்பதை மட்டும் விட்டுவிட்டு, கீழே இருந்த வரியைச் சுரண்ட உட்கார்ந்தேன். அவ்வளவு சுலபத்தில் போகவில்லை.