காணாமற் போனவரின் ஹக்கு

சபருக்குப் போய்த் திரும்பாதவர் ஒருவராவது இல்லாத குடும்பம் நம் சமூகத்தில் அரிது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள், சில காலம் பணமும் கடிதமும் வந்தன, பிறகு நின்றன. ஊரில் பத்து வருஷம் பார்த்துவிட்டு யாஸீன் ஓதி முடித்துக் கொண்டார்கள். இத்தகையவரை இன்று தேடுவது கடமையா, வீண் வேலையா என்று நண்பர் ஒருவர் கடையில் கேட்டார். அப்பொழுது நாம் பதில் சொல்லவில்லை.

நமது பாட்டனாரின் தமையனார் அப்படிப் போனவர். அவருடைய கடைசிக் கடிதம் அரபுத் தமிழில், ஹிஜ்ரி 1360 ஷஃபான் மாதம், அதாவது 1941 ஆகஸ்டு-செப்டம்பரில் எழுதியது. அவ்வருஷம் டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கில் குண்டு போட்டனர். அதில் மவுத்தாகிவிட்டார் என்பதே வீட்டில் வழங்கிய கதை.

அக்கதையில் ஒரு சௌகரியமும் இருந்தது. அவருடைய தகப்பனார் 1948-ல் காலமானார். தகப்பனுக்கு முன் மவுத்தான மகனுக்குப் பாகம் இல்லை. பின் மவுத்தானால் உண்டு. ஆகவே வீடும் மனையும் மற்ற இரு சகோதரர்களுக்கும் ஒரு சகோதரிக்கும் பங்காயின. ஆனால் ‘மஃப்கூத்’, அதாவது காணாமற் போனவர் விஷயத்தில் ஃபிக்ஹு கிதாபுகள் கூறுவது வேறு. மரணம் ஊர்ஜிதமாகும் வரை, அல்லது காஜி தீர்ப்புச் சொல்லும் வரை, அவர் பாகத்தை நிறுத்தி வைக்க வேண்டும். வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. யாருடையது என்று தெரியாத வரவை நாம் லாபத்தில் சேர்ப்பதில்லை. அனாமத்தில் எழுதி வருஷா வருஷம் கொண்டு போகிறோம். பெரியவர்கள் கடைப் பேரேட்டில் இதைச் செய்தார்கள், வீட்டில் செய்யவில்லை.

நாம் தேடியது இதற்காக அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வம்சாவளி கேட்டார்கள், அவ்வளவே. கஷ்டம் பெயரில்தான். ‘காதர்’ என்ற ஒரே பெயரை அக்காலத்துக் கிராணிகள் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் துப்புக் கொடுத்தது சர்க்கார் பதிவல்ல; பேராக்கில் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலின் கபுறுக் கணக்கு. லெப்பை ஒருவர் தமிழில் எழுதியிருந்தார்: பெயர், தகப்பன் பெயர், நாகூர், 1961.

இருபது வருஷம் உயிரோடிருந்திருக்கிறார்! அங்கே மலாய் மனைவி, ஒரு மகள். ஊரிலோ பிள்ளையில்லாத முதல் மனைவி, மறுமணம் செய்யாமல், அவருக்குப் பின்னும் சில வருஷம் வாழ்ந்து மறைந்தார்.

“இறந்தவர் குறையை மூடுங்கள் தம்பி, அதுதான் நன்மை” என்றார் குடும்பத்து மூத்தவர் ஒருவர். குறையை மூட வேண்டியதுதான். அதனால்தான் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் ஏன் எழுதாமலிருந்தார் என்று தீர்ப்புச் சொல்லவும் நாம் யார்? ஆனால் குறையோடு சேர்த்து ஹக்கையும் மூடிவிட மார்க்கம் இடம் கொடுக்கவில்லை. யஃகூப் நபி (அலை) அவர்கள் யூசுஃபைத் தேடிவர யாரை அனுப்பினார்கள்? தொலைத்த மக்களையே அனுப்பினார்கள். தொலைந்ததால் யாருக்கு லாபமோ அவர்தான் முதலில் தேடப் புறப்பட வேண்டியவர் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆலிம் ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். தாயார் முன்பே காலமானபடியால், தகப்பனார் சொத்தில் பெரியவர் பாகம் ஏழில் இரண்டு. அதில் மகளுக்குப் பாதி, மனைவியர் இருவருக்கும் சேர்த்து எட்டில் ஒன்று, மீதி உடன்பிறந்தாருக்கே. ஆக மகளுக்குச் சேர வேண்டியது முழுச் சொத்தில் ஏழில் ஒன்று. இதற்கும் நம் பங்காளிகளில் ஒருவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அம்மகள் இன்றில்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். நேரில் போய்ச் சொன்னோம். பாகத்தைப் பற்றி அவர்கள் அதிகம் கேட்கவில்லை. தங்கள் பாட்டனாரைப் பெற்ற தாயாரின் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கும் தெரியவில்லை. ஊருக்கு எழுதியிருக்கிறோம்.