நாம் மறந்தாலும் நினைப்பவன்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியாழ்வார் திருமொழியில் நான்காம் பத்தின் கடைத் திருமொழி, திருவரங்கத்து எம்பெருமானிடம் ஆழ்வார் செய்துகொள்ளும் விண்ணப்பம். உடல் தளர்ந்து நெஞ்சு கலங்கும் இறுதிக் காலத்தில் உன்னை நினைக்க என்னால் ஆகாது. ஆகையால் தெளிவோடிருக்கும் இப்பொழுதிலேயே அறிவித்துவிடுகிறேன் என்பது அதன் திரண்ட பொருள். இதைப் பல ஆண்டுகள் கோஷ்டியில் அனுஸந்தித்திருந்தும், நெஞ்சு கலங்கும் வேளை முதுமையின் எல்லையில்தான் வரும் என்று எண்ணியிருந்தோம். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், மழைச் சாலையில் சறுக்கிய ஸ்கூட்டரோடு அது எங்கள் க்ருஹத்திற்கு வந்தது.

தமையனாருக்குத் தலையின் இடப்புறத்தில் அடி. மூளையில் இரத்தக் கசிவு, அறுவைச் சிகிச்சை, பத்தொன்பது நாட்கள் நினைவின்மை. கண் விழித்தபின் வலக்கையும் வலக்காலும் வலுவிழந்திருந்தன. அதைக் காட்டிலும் சொற்கள் இடம் மாறியிருந்தன. தீர்த்தம் வேண்டுமென்றால் "சாவி" என்பார். கொடுத்தது சாவியாயிருந்தால் கோபம் வரும். முன்பு உரத்துப் பேசியறியாதவர், ஒருநாள் திருவாராதனச் சொம்பையே வீசினார்.

இவ்வளவுக்கும் நடுவில், மாலையில் யாரேனும் திருப்பல்லாண்டைத் தொடங்கினால் உடன் சேர்ந்து, ஓர் எழுத்தும் பிசகாமல் சாற்றுமுறை வரை சேவித்துவிடுவார். பேச்சை ஆளும் பகுதி பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கத்தில் இருப்பதாகவும், நெடுநாள் பழகி இசையோடு கூடிய சொற்கள் வேறு வழியாகவும் வெளிவரக்கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார். நாங்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டோம். மன்னி மட்டும் தளிகை உள்ளில் நின்று, "பெருமாளைத் தெரியறது, என்னைத் தெரியலையே" என்றார். அதற்கு எங்களிடம் விடையில்லை.

விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவர் முகத்தருகே குனிந்து, "நான் யார், சொல்லுங்கோ பார்ப்போம்" என்று கேட்டார்கள். அடியோங்களும் கேட்டோம். சரியாகச் சொன்ன நாட்களையும் சொல்லாத நாட்களையும் ஒரு நோட்டில் குறித்தும் வைத்தோம். வங்கியில் கழித்த வாழ்நாளின் வாஸனை அது. வேறு சிலர், "பூர்வ கர்மா" என்று மன்னியின் காதுபடச் சொல்லிச் சென்றார்கள். கர்ம ஸித்தாந்தத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது தன் தவறுகளைத் தான் எண்ணி வருந்துவதற்குத் தரப்பட்டது. பிறர் துன்பத்திற்குக் காரணம் எழுதித் தருவதற்கன்று.

எங்களை உறுத்திய பயம் வேறு. அந்திம காலத்தில் எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் கூறுகிறதே, நினைவே நிலையாத இவருக்கு என்ன கதி? ஒருநாள் மன்னியே இதைக் கேட்டார். காலக்ஷேபம் ஸாதிக்கும் ஒரு ஸ்வாமியிடம் விண்ணப்பித்தோம். அவர், திருக்கச்சி நம்பிகள் மூலமாகப் பேரருளாளன் எம்பெருமானாருக்கு அருளிய ஆறு வார்த்தைகளை நினைவூட்டினார். அவற்றுள் ஒன்று, சரணம் புகுந்தவனுக்கு அந்திம ஸ்ம்ருதி வேண்டா என்பது. பிறகு வராஹ சரம ச்லோகத்தை எடுத்தார். பூமிப்பிராட்டிக்கு எம்பெருமான் சொன்னது: உடலும் மனமும் நன்றாயிருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தானாகில், அவன் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன், பரமகதிக்கு நானே நடத்துகிறேன்.

இதைக் கேட்டதும் ஆழ்வாரின் விண்ணப்பம் முன்கூட்டிச் செலுத்திய வைப்புத்தொகை போலத் தோன்றியது. வணிகவியல் படித்த புத்தியின் குறை அது. செலுத்தியதற்கு ஈடாகவா அவன் நினைக்கிறான்? தெளிந்த நாளில் நாம் நினைத்தது எவ்வளவு, அவன் சுமப்பது எவ்வளவு! ஆழ்வாரும் கணக்குத் தீர்க்கவில்லை; தம்மால் ஆகாது என்பதை அவனிடமே சொல்லிவிட்டு அமர்கிறார்.

ஸ்வாமி இன்னொன்றும் ஸாதித்தார். "கட்டையாய்க் கிடப்பவனை எழுப்பி, என்னைத் தெரிகிறதா என்று பெருமாள் கேட்டதாக அந்த ச்லோகத்தில் இருக்கிறதோ?" க்ருஹம் திரும்பியதும் நோட்டை மூடினோம்.

அன்று முதல் வருகிறவர்கள் தாங்களே பெயரையும் உறவையும் சொல்லிக்கொண்டு அமர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பேச்சுப் பயிற்சியாளரும் அதையே சொன்னார்: பரீட்சை வேண்டாம், ஒரு நேரத்தில் ஒரே வாக்கியம், பதிலுக்குக் காத்திருங்கள், களைத்தால் விட்டுவிடுங்கள். தீர்த்தமாடுவது, திருமண்காப்பு, திருவாராதனம், அமுது செய்வது எல்லாம் அதே நேரத்தில், அதே வரிசையில். நித்யாநுஷ்டானம் நோயாளிக்கு இவ்வளவு பிடிமானம் தரும் என்று முன்பு நாம் அறிந்ததில்லை. கோபம் வரும்போது, அது அடிபட்ட இடத்தின் குரல் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். எப்போதும் முடிந்தது என்று சொல்வது பொய்யாகும். இரவுகளில் மன்னியை விடுவித்து நாங்கள் முறை வைத்து விழித்திருந்தோம். பார்த்துக்கொள்பவர் விழுந்தால் இருவர் விழுந்ததாகும்.

முதல் ஆறு மாதங்களில் மீண்டது அதிகம். பிறகு மெல்ல மெல்ல. இப்போது கோலூன்றி ஸந்நிதி வரை நடக்கிறார். "தீர்த்தம்" என்ற சொல் திரும்பிவிட்டது. பலருடைய பெயர்களும் வந்துவிட்டன. மன்னியை மட்டும் இன்றும் எங்கள் தாயாரின் பெயரைச் சொல்லியே அழைக்கிறார். மன்னி, "இதோ வந்தேன், உங்கள் ஆத்துக்காரி" என்று தம் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்து அருகில் அமர்கிறார். பல்லாண்டின் முதற்சொல்லை எடுத்துக் கொடுக்கிறார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.