பசுவுக்கு என்ன பதில்?

மத்திகிரியில் வண்டி இன்சூரன்ஸ் போட்டுக் கொடுப்பது என் தொழில். இங்கிருந்து அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய் வருகிறவர்களின் போனில் அபராதச் செய்திகள் குவிந்து கிடக்கும். 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு நிலுவையைப் பாதியாகக் குறைத்தபோது சிலர் கட்டினார்கள். மற்றவர்கள் அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருக்கிறார்கள். இதற்கிடையில் சிக்னல் மீறல், அதிவேகம், போன் பேசியபடி ஓட்டியது என்று ஏதாவது ஒன்றில் லைசன்ஸும் மூன்று மாதத்துக்கு முடங்கிவிடுகிறது.

அப்படி முடங்கிய ஒரு தம்பி பாலிசியைப் புதுப்பிக்க மறுத்தார். "தப்பு என்னுது. தண்டனையும் நானே அனுபவிச்சுக்கறேன். லைசன்ஸே இல்லாதப்ப இன்சூரன்ஸ் எதுக்குண்ணா?" என்றார்.

வினை செய்தவனையே சேரும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது நியாயமாகத்தான் படும். ஆனால் ரோட்டில் அப்படி நடப்பதில்லை. ஓட்டியவன் சீட்டில் பத்திரமாக இருக்கிறான். ஷிப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து நடந்து வந்தவர் கால் போய்க் கிடக்கிறார். அவர் செய்த வினை எது? முற்பிறவிக் கணக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிபட்டவரைப் பார்த்து அப்படிச் சொல்வது பாவம் என்றே நினைக்கிறேன்.

நம் மரபின் மிகப் பெரிய சாலை விபத்து திருவாரூரில் நடந்தது. இளவரசனின் தேர்க்காலில் கன்று மாட்டி இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. சாத்திரப்படி பிராயச்சித்தம் செய்துவிட்டால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. மனுநீதிச் சோழன் அதை ஏற்கவில்லை. அவன் மறுத்ததில்தான் எனக்கு விஷயம் இருக்கிறது. பிராயச்சித்தம் செய்தவனைச் சுத்தமாக்கும். பசுவுக்கு அதில் என்ன உண்டு? மத்திகிரிக் கால்நடைப் பண்ணையின் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கன்றைப் பிரிந்த பசு எப்படிக் கத்தும் என்று தெரியும். நாம் கட்டும் அபராதமும் அந்தப் பிராயச்சித்தம் போலத்தான். பணம் அரசுக்குப் போகிறது, லைசன்ஸ் திரும்பி வருகிறது, அடிபட்டவருக்கு ஒரு பைசா வருவதில்லை.

சோழன் மகனைத் தேர்க்காலில் இட்டான். பெரிய நீதிதான், வணங்குகிறேன். ஆனாலும் கன்று எழுந்தது சிவபெருமான் அருளால், தண்டனையால் அல்ல. தண்டனை வேறு, ஈடு வேறு.

மூன்றாம் நபர் காப்பீடு இந்த ஈட்டுக்காக வந்தது. 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதப்பட்டு 1946 ஜூலையில் கட்டாயமானது. வண்டிக்காரனுக்காக அல்ல, முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காக. லைசன்ஸ் முடங்கியிருக்கும்போது ஓட்டி இடித்தால் சொந்த வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி தராது. உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பும் கிடைக்காது. அது சரிதான். ஆனால் அடிபட்டவர் கதை வேறு. ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழியில், பெரும்பாலான தீர்ப்பாயங்கள் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்கின்றன. பிறகு வண்டிக்காரனிடம் வசூலித்துக்கொள்ளலாம். அவன் குற்றம் அவன் தலையிலேயே நிற்கிறது. அவன் அழுக்கைக் காட்டி அடிபட்டவரின் உரிமையைத் தட்டிக்கழிக்க முடியாது. சாத்திர விளக்கங்கள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவான தர்மத்தை அவற்றில் நான் கண்டதில்லை.

அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "மூணு மாசம் சாவியைத் தொடாதே. உன் தம்பிகிட்ட லைசன்ஸ் இருக்கு, அவர் ஓட்டட்டும். அபராதத்தைக் கட்டிடு, இல்லேன்னா நாளைக்குப் பேர் மாத்தப் போனாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நிறுத்திடுவாங்க. பாலிசியை மட்டும் ஒரு நாள்கூட விட்டுடாதே. அது உன்னுது இல்லை."

பாலிசியே இல்லாத வண்டி இடித்தால்? தீர்ப்பாயம் தொகையை எழுதிக் கொடுக்கும். கொடுக்க வண்டிக்காரனிடம் ஒன்றும் இருக்காது. சிகிச்சைக்கு மட்டும் ஒரு வழி வந்திருக்கிறது. 2025 மே மாதம் முதல் சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லா சிகிச்சை என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. இடித்தவனுக்கு லைசன்ஸ் இருந்ததா என்று அது பார்ப்பதில்லை. சிகிச்சைக்குச் செய்ததை இழப்பீட்டுக்கும் செய்ய வேண்டும்: முதலில் அரசு கொடுக்கட்டும், பிறகு இடித்தவனிடம் வசூலிக்கட்டும்.