கிழவர் மறுத்த ஏற்றம்

சீனத் தாவோ நூலான சுவாங்ட்சுவில் ஒரு கிழவர் கிணற்றுக்குள் வழி வெட்டி இறங்கி, குடத்தில் நீர் சுமந்து தோட்டத்துக்கு ஊற்றுகிறார். கன்பூசியஸின் சீடர் ட்சுகோங் ஏற்றத்தைச் சொல்ல, கருவியைப் பிடித்தவனுக்குக் கருவி மனம் வந்துவிடும் என்று கிழவர் மறுக்கிறார். ஏற்றத்தில் அப்படி என்ன சூது? கழியின் பின்முனையில் கட்டிய கல்லுக்கு எதிராகக் காலி வாளியை உடல் எடையால் கீழே இழுக்கிறோம். நிறைந்த வாளியைக் கல் தூக்குகிறது. நீரைத் தூக்கும் வேலை குறையவில்லை, அச்சின் உராய்வால் சற்றே கூடவும் செய்கிறது. உண்மையான விரயம் கிழவருடையது: 15 கிலோ நீருக்காக 60 கிலோ உடம்பையும் ஏற்றினால், பயன் ஐந்தில் ஒரு பங்குதான்.

அவர் அஞ்சியது உழைப்பை அல்ல, கணக்குப் பார்க்கும் புத்தியை என்பார்கள். நியாயம்தான். ஆனால் அவர் வெட்டிய வழி சரிவானது என்றால், அதுவும் சாய்தளம் என்னும் எந்திரமே. குடத்தைத் தேர்ந்ததிலும் கணக்கு உண்டு.