கற்றவன் பட்ட கடன்

ஒரு சமுதாயத்தின் பண்பை அறிய விரும்புவோர் அதன் தலைவர்களின் சொற்பொழிவுகளைக் கேட்க வேண்டியதில்லை. அதன் வாயிலில் புதிதாக வந்து நிற்பவன் எவ்வாறு நடத்தப்படுகிறான் என்பதைப் பார்த்தாலே போதும்.

நம் இளைஞர் பலர் இன்று நாள்தோறும் கடக்கும் வாயில் ஒன்று உண்டு. அது இணைய விளையாட்டு. மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவில் வாழும் சிறுவன் ஒருவன், கைப்பேசியைத் திறந்த சில நொடிகளில், முன்பின் அறியாத அயல்நாட்டார் நால்வருடன் ஓரணியில் சேர்ந்துவிடலாம். மலையும் கடலும் அவனைத் தடுப்பதில்லை. மனித உறவு கண்ட பெரும் வளர்ச்சி இது என்பதில் ஐயமில்லை. ஆனால், அவன் முதல் தவறைச் செய்ததும் காதில் விழுவது என்ன? ‘நூப்’ என்னும் ஏளனம், தொடர்ந்து வசைமொழி, இறுதியில் விலக்கம்.

“நாங்களும் இப்படித்தான் கற்றோம், அவமானமே ஆளை உருவாக்கும்” என்று இதற்கு நியாயம் கற்பிப்போர் உளர். இவ்வாதம் நமக்குப் புதிதன்று. நம் பல்கலைக்கழகங்களில் பகிடிவதைக்குச் சொல்லப்படும் சமாதானமும் இதுவே. அங்கே அது சமத்துவத்தின் பெயரையும் சூடிக்கொள்கிறது. ஏழை, செல்வன் என்ற வேற்றுமையை அது அழிக்கிறதாம்! 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் ஒருவர் அவ்வதையினால் உயிரிழந்தார். மறு ஆண்டே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. வழக்கமோ இன்னும் ஒழியவில்லை. எல்லோரையும் மண்டியிடச் செய்வது சமத்துவம் என்றால், மண்டியிடச் சொல்பவன் மட்டும் நிமிர்ந்து நிற்பதேன்? முற்போக்காளர் என்று தம்மை அழைத்துக்கொள்வோர் முதலில் விடை கூற வேண்டிய கேள்வி இது.

எனினும், இதனைத் தனிமனிதரின் தீக்குணம் என்று சொல்லி முடித்துவிடலாகாது. ஆட்டத்தின் விதியையும் நோக்க வேண்டும். ஐவர் அணி தோற்றால் ஐவரின் தரவரிசையும் இறங்கும் என்று விதித்துவிட்டால், கற்றுக்கொண்டிருக்கும் தோழன் நட்டக் கணக்காகத் தோன்றுகிறான். தேர்ந்த ஆட்டக்காரர் சிலர் புதுக் கணக்குத் தொடங்கி, புதியவர் போல் வேடமிட்டு, எளியவரை வீழ்த்தி இன்புறுவதும் உண்டு. ‘டோட்டா 2’ என்னும் ஒரே விளையாட்டில் இத்தகைய 90,000 கணக்குகளைத் தடைசெய்ததாக அதன் நிறுவனம் 2023இல் அறிவித்தது.

விதி மாறினால் நடத்தையும் மாறக் காண்கிறோம். ‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ விளையாட்டில், ஒரு களத்துக்கு முதன்முறையாக வருபவர் அணியில் இருந்தால், அதனை வென்றபின் அணியினருக்கு மேலதிக வெகுமதி கிடைக்கிறது. அங்கே புதியவன் சுமையல்லன்; வரவு. ‘ஈவ் ஆன்லைன்’ விளையாட்டிலோ, நிறுவனத்தின் ஆணைக்குக் காத்திராமல், ஆட்டக்காரர்களே 2004இல் ‘ஈவ் பல்கலைக்கழகம்’ என்ற அமைப்பைத் தோற்றுவித்துப் புதியவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினர். வெகுமதி தூண்டிய பரிவு நன்று. வெகுமதியை எதிர்பாராது எழுந்த இந்தக் கூட்டுறவு அதனினும் நன்று.

புதியவன் என்பது பிறவிக் குறையன்று. எவருக்கும் நேரக்கூடிய நிலை. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரம் நீருள் மறைந்தது. 2018இல் லக்கல புதிய நகரில் வாழ்வைத் தொடங்கியவர்களுள் முதியவரும் இருந்தனர், வாணிகரும் இருந்தனர். தம் ஊரில் வழிகாட்டியவர்கள் மற்றோர் ஊரில் வழி கேட்க வேண்டியதாயிற்று. நாளை நமக்கும் அது நேரலாம்.

திறமை தனியுடைமையன்று. எந்த ஆட்டக்காரனும் தானே அனைத்தையும் கண்டுபிடித்தவனல்லன். பிறர் ஆடியதைக் கண்டும், பிறர் சொல்லக் கேட்டும் கற்றவனே. அப்படிப் பலரிடமிருந்து பெற்ற பொதுச் செல்வத்தைத் தனதென வளைத்துக்கொண்டு, அதையே அடுத்தவனை அடக்கும் ஆயுதமாக்குவது ஒருவகைச் சுரண்டலே. கற்றவன் கடன்பட்டவன். அக்கடனைத் தனக்குக் கற்பித்தவரிடம் அவன் திருப்பிச் செலுத்த இயலாது. அடுத்து வருபவனிடமே செலுத்த வேண்டும். வகுப்பறையிலும் விடுதியிலும் விளையாட்டுக் களத்திலும் விதிகளை வகுக்கும் பொறுப்புடைய ஆசிரியரும் மாணவரும், புதியவனுக்கு இடமளிக்கும் விதிகளை இன்றே வகுத்தல் வேண்டும்.